சீசர் அப்பா

எங்கள் அடுக்ககத்தில் அவருடைய சொந்தப் பெயர் இப்போது இரண்டு இடங்களில்தான் மிச்சமிருக்கிறது: பராமரிப்புக் கட்டண ரசீதில் ஒன்று, ஓய்வூதியப் புத்தகத்தில் ஒன்று. மற்றபடி அவர் சீசர் அப்பா. கூரியர் பையன்கூடக் கீழே நின்று, "சீசர் அப்பா வீடு எது?" என்றுதான் கேட்கிறான். பெங்களூரிலிருந்து அவருடைய மகன் வந்தபோது வாட்ச்மேன், "சீசரோட அண்ணனா தம்பி?" என்று கேட்டு உள்ளே விட்டார். சீசர் அம்மா என்ற பட்டத்தை அவர் மனைவி மட்டும் இன்னும் ஏற்கவில்லை. "நான் பெத்தது ஒண்ணுதான்" என்கிறார்.

நாயின் பெயரால் அழைக்கப்படும் இந்த வகை மனிதர் இன்று சென்னையில் பெரிய குடியிருப்பு ஒவ்வொன்றிலும் ஒருவராவது உண்டு. கண்டுபிடிப்பது சுலபம். காலை நாலே முக்காலுக்கு லிஃப்ட்டில் இருப்பார். இடுப்பில் ஒரு சின்னப் பை. அதற்குள் உலர்த்திய கோழி ஈரல். முன்கையில் புதுசும் பழசுமாகக் கீறல்கள். சட்டைப் பையில் பேனா இருந்த இடத்தில் ஒரு விசில். கிட்டே வந்தால் லேசாக நெத்திலிக் கருவாட்டு வாசம். எங்களவர் வெங்காயம்கூடச் சேர்க்காத வீட்டில் பிறந்தவர் என்பதைச் சொல்ல வேண்டும். ஈரல் வேகவைக்க மின்அடுப்பு ஒன்று பால்கனியில் தனியாக இருக்கிறது. அது சமையலறை வாசலைத் தாண்டக் கூடாது என்று ஒப்பந்தம். வெங்காயம் நாய்க்கு விஷம், எந்த நாயும் அதைச் சாப்பிடக் கூடாது என்று கால்நடை மருத்துவர் சொன்ன அன்றைக்குத்தான் சீசர் அப்பாவின் மனைவிக்கு முதன்முறையாகச் சீசர் மேல் ஒரு மரியாதை வந்தது.

நாய் எடுத்ததற்குப் பல காரணங்கள் சொல்வார். ஜீவகாருண்யம் என்பார், வள்ளலார் என்பார். உண்மையான காரணம் சர்க்கரை. தினமும் நடங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தனியாக நடக்கச் சோம்பல். நாய் ஒன்று இருந்தால் கூட நடக்குமே என்று நினைத்தார். அவருக்கு வாய்த்தது பெல்ஜியன் மாலினாய்ஸ். அந்த இனம் நடப்பதில்லை.

சீசருக்கு ஒரு முன்கதை உண்டு. இந்த இனத்து நாய் ஒன்று சுவரில் கால் வைத்து ஏறுவதை யாரோ ஒரு வாலிபர் கைப்பேசியில் பார்த்திருக்கிறார். பார்த்த வாரமே ஒரு குட்டி வாங்கினார். குட்டியாக இருக்கும்வரை மடியில் இருந்தது. வளர்ந்ததும் அது வீடியோவில் இருந்ததைப் போலவே சுவரில் ஏறியது; ஏறியது அவர் வீட்டுச் சுவர். மொட்டை மாடிக்குப் போயிற்று, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் சங்கிலியில் கிடந்தது, கடைசியில் ஒரு விடியற்காலை கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் மரத்தில் கட்டப்பட்டு நின்றது. கூடவே அரை மூட்டை தீனி. விட்டுவிட்டுப் போகிறவர்களுக்கும் மனசாட்சி உண்டு. அது பெரும்பாலும் அரை மூட்டை அளவுதான் இருக்கும்.

படத்தில் பார்த்து நாய் வாங்குவது புதிய வழக்கமும் இல்லை. 2003ல் ஹட்ச் விளம்பரத்தில் ஒரு பையன் பின்னாலேயே பக் நாய் நடந்துபோனது. அதற்குப் பிறகு தெருவுக்கு ஒரு பக் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது. அப்புறம் சைபீரியப் பனியில் வண்டி இழுக்கிற ஹஸ்கியை மே மாத வேளச்சேரியில் பார்த்தோம். இப்போது மாலினாய்ஸ் முறை.

சீசரை மீட்ட விலங்கு நலத் தொண்டர்கள் அதை இவரிடம் அப்படியே தூக்கிக் கொடுத்துவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மூன்று பேர் வீடு பார்க்க வந்தார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள்கூடச் சொஜ்ஜி பஜ்ஜி சாப்பிட்டுவிட்டுத்தான் கேள்வி கேட்பார்கள். இவர்கள் தண்ணீர்கூடத் தொடாமல் ஆரம்பித்தார்கள். சொந்த வீடா, வாடகையா? பால்கனிக்குக் கம்பி இருக்கிறதா? வெளியூர் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள்? வீட்டில் எல்லோருக்கும் சம்மதமா? கடைசிக் கேள்விக்கு அவர் மனைவி பதில் சொல்ல வாயெடுத்தபோது இவர் அவசரமாகக் காபி கேட்டார். பிறகு கையெழுத்து, நிபந்தனைகள், ஆறு மாதத்துக்கு மாதம் ஒரு புகைப்படம். "என் கல்யாணத்துக்கு ஜாதகம் பார்த்தப்போகூட நான் இவ்வளவு பயப்படலை" என்று அன்று மாலை எங்களிடம் பெருமையாகச் சொன்னார். அவருக்கு வாய்த்த மாமனார் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். தொண்ணூறு வயது, காது கேட்காதது நல்லதாயிற்று.

அந்த நாயின் பூர்வீகத்தைச் சொன்னால்தான் பிறகு நடந்தது விளங்கும். பெல்ஜியத்தில் மாலின் என்று ஓர் ஊர். அந்த வட்டாரத்து இடையர்கள் ஆட்டு மந்தைக்கு வைத்திருந்த நாய் இது. 1891ல் பிரஸ்ஸல்ஸை ஒட்டிய கால்நடை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் அடால்ஃப் ரூல், சுற்றுவட்டாரத்து மேய்ப்பு நாய்களை வரவழைத்துப் பார்த்து, முடியைக் கொண்டு வகை பிரித்தார். குட்டை முடி, செம்பழுப்பு உடம்பு, கரி பூசிய முகம் என்றால் மாலினாய்ஸ். ஆண் நாய் ஏறக்குறைய முப்பது கிலோதான் இருக்கும். அதில் கொழுப்பு என்று எதுவும் கிடையாது. ஆடுகள் குறைந்ததும் இந்த நாயைப் போலீசும் ராணுவமும் எடுத்துக்கொண்டன. 2011 மே மாதம் அபோட்டாபாத்தில் பின்லாடன் வீட்டை அமெரிக்கக் கமாண்டோக்கள் தாக்கியபோது கூடப் போன கெய்ரோ இந்த இனம். 2019ல் பாக்தாதியைச் சிரியாவில் துரத்திய கோனன், வெள்ளை மாளிகை வரைக்கும் போய்ப் படமெடுத்துக்கொண்டு வந்தது. நம் மத்திய ரிசர்வ் போலீஸ் படையில் மாலினாய்ஸ்கள் காட்டில் கண்ணிவெடி மோப்பம் பிடிக்கின்றன.

இப்படிப்பட்ட பயோடேட்டாவோடு சீசர், மேடவாக்கத்தில் மூன்றாவது மாடியில், இரண்டு படுக்கையறை வீட்டில் வேலையில்லாமல் இருந்தது.

வேலை கிடைக்காத பட்டதாரி விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பான். வேலை கிடைக்காத மாலினாய்ஸ் தானே ஒரு வேலை தேடிக்கொள்ளும். முதல் வாரம் சோபாவின் பஞ்சு எப்படி அடைக்கப்பட்டிருக்கிறது என்பதை ஆராய்ந்தது. இரண்டாவது வாரம் குளிர்பதனப் பெட்டியைத் திறக்கக் கற்றது. மூன்றாவது வாரம் பரம்பரைத் தொழிலுக்கே திரும்பிவிட்டது.

எங்கள் அடுக்ககத்தில் மாலை ஆறு மணிக்குப் பெண்கள் நடைக்குழு ஒன்று உண்டு. ஆறு பேர், பேச்சு முன்னால் போகும், நடை பின்னால் வரும். ஒருநாள் சீசர் கழுத்துப் பட்டையை உருவிக்கொண்டு இறங்கிவிட்டது. குரைக்கவில்லை, கடிக்கவில்லை. அவர்களைச் சுற்றி ஒரு வட்டம் போட்டது. அப்புறம் இன்னொரு வட்டம், கொஞ்சம் சிறியதாக. யாராவது விலகினால் அவருடைய குதிகாலுக்குப் பக்கத்தில் போய் மூச்சு விட்டது. சில நிமிடங்களில் ஐந்து பேர் ஜெனரேட்டர் அறைச் சுவரோரம் நெருக்கியடித்து நின்றார்கள். ஆறாவது அம்மா கைப்பேசியில் சம்பந்தியோடு பேசியபடி குழந்தைகள் பூங்காப் பக்கம் ஒதுங்கியிருந்தார். சீசர் அவர்களை ஒருமுறை பார்த்தது, கணக்கு இடித்தது, பூங்காவுக்கு ஓடியது. அந்த அம்மாவும் சம்பந்தியோடு பேச்சை நிறுத்தாமலே வந்து சேர்ந்தார். சீசர் அப்பா மூச்சிரைக்க வந்தபோது மந்தை முழுதாக இருந்தது. அவர் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். "பார்த்தீங்களா, யாருக்கும் சொல்லிக் கொடுக்கலை, ரத்தத்திலேயே இருக்கு!" என்றார்.

விளைவு, சங்கத்தின் அவசரக் கூட்டம். இங்கேதான் எல்லோரும் ஒன்றை மறந்துபோனார்கள். சீசர் அப்பா முப்பத்துநான்கு ஆண்டுகள் அரசு அலுவலகம் ஒன்றில் இருந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவர். ஓடத் தெரியாதவராக இருக்கலாம், கோப்பு தெரியாதவர் இல்லை. இந்திய விலங்குகள் நல வாரியம் 2015ல் வெளியிட்ட வழிகாட்டுதலை நகலெடுத்து, பின் குத்தி, பொருள், பார்வை எல்லாம் போட்டு ஆளுக்கொன்று கொடுத்தார். பெரும்பான்மைத் தீர்மானம் போட்டாலும் குடியிருப்போர் சங்கம் வளர்ப்பு நாயைத் தடை செய்ய முடியாது. லிஃப்ட்டில் ஏற்றக் கூடாது என்றும் சொல்ல முடியாது. கூடவே ஒரு பின்னிணைப்பு: ராஜ்யசபாவில் 1950களிலேயே விலங்குவதைத் தடுப்புக்குத் தனிநபர் மசோதா கொண்டுவந்தவர் நம்ம கலாக்ஷேத்ரா ருக்மிணி தேவி அருண்டேல், 1960ல் சட்டம் வந்தது, 1962ல் அந்த வாரியத்துக்கே அவர்தான் தலைவர். "அவங்க நம்ம ஊர்க்காரங்க" என்று முடித்தார். பரதநாட்டிய வகுப்புக்குப் பேத்தியை அனுப்பும் செயலாளரால் அதற்கு மேல் பேச முடியவில்லை. அதே வழிகாட்டுதல், வெளியே கொண்டுபோகும்போது கயிறு கட்டுங்கள், கழிவை எடுத்துச் சுத்தம் செய்யுங்கள் என்று வளர்ப்பவர்களையும் கேட்டுக்கொள்கிறது. அந்தப் பத்தியை அவர் மறைக்கவில்லை. சின்ன எழுத்தில் அச்சடித்திருந்தார். ஆனால் கடைப்பிடித்தார்.

கூட்டம் கலைந்த பிறகு எல்லோரும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். நாய் இருக்கிற வீட்டுக்கு யோசனை இலவசம். "நல்லா ஓட விடுங்க சார், களைச்சுப் படுத்துடும்" என்பதுதான் பொதுவான தீர்ப்பு. ஓட விட்டார். அதாவது, கூட ஓடினார். பெரும்பாக்கம் ஏரிக்கரையில் விடியுமுன் ஓட்டம், சாயங்காலம் பந்து எறிதல், ராத்திரி மாடிப்படி. அவர் இளைத்தார். சர்க்கரை இறங்கியது. டாக்டர் கைகொடுத்தார். மூட்டு டாக்டரும் வேறு காரணத்துக்காக மகிழ்ந்தார். ஆனால் நாய் களைக்கவில்லை. ஓட ஓட அதற்கு மூச்சு கூடியது. முதல் வாரம் ஒரு மணி நேரத்தில் அடங்கியது, பிறகு இரண்டு மணி நேரம் கேட்டது. இவர் வீட்டுக்கு வந்து நாற்காலியில் சரியும்போது எதிரே வந்து, வாயில் பந்தோடு, "ஆரம்பிக்கலாமா?" என்று நின்றது.

கடைசியில் ஒரு பயிற்சியாளர் வந்தார். இருபத்தைந்து வயதுப் பெண், டி-ஷர்ட் முழுக்க நாய் முடி. அரை மணி நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அங்கிள், நீங்க இவனை ஒலிம்பிக்ஸுக்குத் தயார் பண்ணிட்டிருக்கீங்க. ஓட இவனுக்கு யாரும் கத்துக்கொடுக்க வேணாம். சும்மா இருக்கத்தான் தெரியலை. அதைச் சொல்லிக்கொடுங்க."

சீசர் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். வாழ்நாளில் முதல்முறையாக அவருடைய பாடத்திலேயே கேள்வி வந்திருந்தது.

சும்மா இருப்பது எளிதல்ல என்று தாயுமானவர் பாடியிருக்கிறார். அவருக்குப் பிறகு அதில் கரை கண்டவர்கள் நம் பழைய அலுவலகக் கண்காணிப்பாளர்கள்தான். எதிரில் மனுவோடு ஒருவர் நிற்கும்போது, அவரைப் பார்த்தும் பார்க்காமல், கோபமும் இல்லாமல் கருணையும் இல்லாமல், மின்விசிறியின் கீழ் ஒரு கோப்பைப் போல உட்கார்ந்திருக்கப் பயிற்சி வேண்டும். அந்த முகத்தை மறுபடி அணிந்தார். சீசர் பந்தைக் கொண்டுவந்து காலடியில் போட்டது. இவர் செய்தித்தாளைப் புரட்டினார். சீசர் குரைத்தது. அடுத்த பக்கம் புரட்டினார். சீசர் முட்டியைச் சுரண்டியது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். வாரிசுச் சான்றிதழ் கேட்டு வந்தவர்களே அந்த முகத்தைப் பார்த்துத் திரும்பிப் போயிருக்கிறார்கள், நாய் எம்மாத்திரம்? அது பெருமூச்சு விட்டுக் கீழே படுத்தது. படுத்த அந்த நொடியில் இவர் கை மட்டும் அசைந்து ஒரு துண்டு ஈரலை அதன் முன்னால் வைத்தது. "அங்கிள், டைமிங் பிரமாதம்!" என்றார் அந்தப் பெண். குறைந்தபட்ச அசைவில் காரியம் முடிப்பது அவருக்குப் புதிதா என்ன?

அப்புறம் கோரைப்பாய் வந்தது. கூடத்து மூலையில் பாய்; "பாய்" என்றால் போய்ப் படுக்க வேண்டும், "சரி" என்றால்தான் எழ வேண்டும். முதலில் ஐந்து விநாடி. பிறகு பத்து. பிறகு இவர் அறைக்குள் போய்வரும்வரை. பிறகு அழைப்புமணி அடிக்கும்போது. அதற்காக எங்கள் மாடிப் பிள்ளைகளைச் சம்பளத்துக்கு அமர்த்தி, கதவுமணியை அடித்துவிட்டு ஓடச் சொன்னார். நாங்கள் சின்ன வயதில் இலவசமாகச் செய்து அடிவாங்கிய வேலை அது. குக்கர் விசில், பால்காரர், எதிர்வீட்டுப் பூனை என்று பாடம் கடினமாகிக்கொண்டே போனது. தப்பு செய்தால் திட்டு கிடையாது. கோப்பு மறுபடி முதல் மேசைக்குப் போகும், அவ்வளவுதான்.

வேலையும் இல்லாமல் இல்லை. மூளைக்கு வேலை கொடுங்கள், காலுக்கு வேண்டாம் என்பது பயிற்சியாளரின் உத்தரவு. அதனால் சீசர் இப்போது கிண்ணத்தில் சாப்பிடுவதில்லை; அதன் சாப்பாடு முட்டை அட்டைக்குள்ளும், பழைய துண்டின் சுருட்டலுக்குள்ளும், வீட்டின் ஏழெட்டு மூலைகளிலும் இருக்கிறது. மோப்பம் பிடித்துத் தேடித்தான் சாப்பிட வேண்டும். கால் மணி நேரம் மூக்கைப் பயன்படுத்தினால், ஏரியைச் சுற்றி ஓடியதைவிட நன்றாகத் தூங்குகிறது. பதினோரு மணிக்கு அவர் தன் மூக்குக்கண்ணாடியை ஒளித்துவைப்பார், சீசர் கண்டுபிடிக்கும். சில நாள் அவர் ஒளிக்காமலே கண்ணாடி காணாமல் போகும், அப்போதும் சீசர்தான் கண்டுபிடிக்கும். அவர் மனைவிக்கு இதில் ஒரு மனக்குறை உண்டு. "ரிடையர் ஆகிற வரைக்கும் ஒரு சாமான் இந்த வீட்டில எங்க இருக்குன்னு இவருக்குத் தெரியாது. இப்ப பருப்பு டப்பாவுக்குப் பின்னால ஒளிச்சு வைக்கிற அளவுக்குச் சமையலறை தெரியுது" என்கிறார்.

அவரோடு பேசுவதுதான் கஷ்டமாகிவிட்டது. வெயிலில் வெளியே வந்தால் குனிந்து தார்ச்சாலையில் புறங்கையை வைத்துக்கொண்டு ஏழு எண்ணுவார். கை தாங்கவில்லை என்றால் நாயின் பாதமும் தாங்காது, திரும்பிவிடுவார். பார்க்கிறவர்கள் பூமியைத் தொட்டுக் கும்பிடுகிறார் என்று நினைத்துப் பக்கத்தில் நின்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். கோயிலில் சர்க்கரைப் பொங்கல் வாங்கினால் திராட்சையைப் பொறுக்கி எறிந்துவிட்டுத்தான் வீட்டுக்குள் கொண்டுவருகிறார். உலர்திராட்சை ஒரு நாயின் சிறுநீரகத்தையே முடித்துவிடலாம் என்று அர்ச்சகருக்கு விளக்கியிருக்கிறார். யார் வீட்டுக் குழந்தை அழுதாலும், "மூணு நாள் பயம், மூணு வாரம் பழக்கம், மூணு மாசம் சொந்தம், பொறுமையா இருங்க" என்கிறார். தத்தெடுத்த நாய்க்கான அந்தக் கணக்கைப் புதிதாக வந்த மருமகளுக்கும் பொருத்திச் சொன்ன வீட்டில் அவருக்கு இப்போது அழைப்பிதழ் போவதில்லை. தீபாவளி ராத்திரி வெடிச் சத்தத்துக்குப் பயந்து காரில் சீசரை ஏற்றிக்கொண்டு திண்டிவனம் வரை போய், சுங்கச்சாவடி அருகே டீ குடித்துவிட்டு, விடியற்காலையில் திரும்புவார். நெடுஞ்சாலையில் அதே காரியமாக வரும் இன்னும் பல அப்பாக்களைச் சந்திப்பாராம். யாருக்கும் யார் பெயரும் தெரியாது. பின்சீட்டில் இருப்பவர் பெயர்தான் தெரியும்.

இத்தனையும் சொன்னாலும், அவரிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சீசர் பாயில் படுத்திருக்கும் அழகைப் பார்த்து யாராவது, "இது என்ன பிரீட் சார்? நானும் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன்" என்றால், அவர் உபதேசம் செய்வதில்லை. மொட்டை மாடிச் சங்கிலியைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. "ரொம்ப நல்ல ஐடியா. நாளைக்குக் காலைல நாலே முக்காலுக்கு வாங்க, ஒரு நாள் நீங்களே கூட்டிட்டுப் போய்ப் பாருங்க" என்று அன்போடு அழைக்கிறார்.

போன மாதம் சி பிளாக் ஐ.டி. இளைஞர் அப்படி வந்தார். உடற்பயிற்சிக் கூடத்தில் வளர்ந்த தோள்கள். கயிற்றை வாங்கிக் கையில் சுற்றிக்கொண்டபோது சீசர் அப்பா, "சுத்தாதீங்க தம்பி, கை போயிடும்" என்று மட்டும் சொன்னார். ஆறேகாலுக்கு அந்தத் தம்பி வாட்ச்மேனின் நாற்காலியில் இருந்தார். வாட்ச்மேன் பக்கத்தில் நின்று விசிறிக்கொண்டிருந்தார். சீசர் எதிரே வாலை ஆட்டிக்கொண்டு நின்றது, வாயில் அந்தத் தம்பியின் இடது கால் செருப்பு.

"சார், இது எப்ப தூங்கும்?"

"நாம தூங்கினா தூங்கும்."

"நீங்க எப்ப தூங்குவீங்க?"

"அவன் தூங்கினா."

அந்த வாரமே அந்த இளைஞர் லவ் பேர்ட்ஸ் நாலு ஜோடி வாங்கிவிட்டார். கூண்டு அவருடைய பால்கனியில் தொங்குகிறது, சீசர் வீட்டுக்கு நேர் எதிரே. காலை ஏழு மணிக்கு எட்டுப் பறவைகளும் கூண்டுக்குள் நாலா பக்கமும் பறக்க ஆரம்பிக்கும். இந்தப் பக்கம் பால்கனிக் கம்பிக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு, இது என்ன மந்தை, இப்படியா நிற்பது என்று சீசர் பதறிக்கொண்டிருக்கும். திரையாவது போடுங்கள் என்று சீசர் அப்பா சி பிளாக்குக்கு மனு எழுதியிருக்கிறார். பொருள், பார்வை எல்லாம் போட்டு.